இருபத்தைந்தாவது தலை

மோல்மேன் ஜெயிலில் கிறிஸ்தவர் தலை
இருபத்தைந்து இருந்தால்
பாதிரியாருக்கு மாதம் நாற்பது ரூபாய்.
ஒன்று குறைந்தாலும் வண்டிக்கூலி மட்டும்.
ரங்கூன் சுற்றறிக்கை அப்படி.
ஜூன் கடைசியில் எண்ணினேன்.
பதினோரு கரேன், நாலு சட்டைக்காரர்,
கப்பல் சமையல்காரன் ஒருவன், மிச்சம் நம் ஆட்கள்.
இருபத்துநாலு.

பாதிரி வின்ஃபீல்டு துரை
குடையை என் மேஜைமேல் வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
குடைத் தண்ணீர் பேரேட்டை நோக்கி
வந்துகொண்டிருந்தது.

நெல் குத்தும் கொட்டடியில் ஊர்க்காவலனைக் கேட்டேன்.
கமுதிப் பக்கத்து ஆள்,
மில் மேஸ்திரியை வெட்டியதற்குப் பத்து வருஷம்.
"ஞாயித்துக்கெழம உலக்கை இல்லையா?"
"இல்லை."
"அப்ப எழுதிக்கங்க."
தீத்து என்று எழுதினேன்.
வேதத்துப் பெயர்களில் சின்னது,
கட்டத்துக்குள் அடங்கியது.

துரைக்குத் தமிழ் வராது.
ஞானாபரணம் உபதேசியார் பக்கத்தில் நின்று
பாளையங்கோட்டைத் தமிழில் சொல்லுவார்.
துரை மூன்று வாக்கியம் சொன்னால் இவர் ஒன்பது.
உபரி ஆறு எங்கிருந்து வந்தது என்று
தணிக்கையில் யாரும் கேட்டதில்லை.
பட்டியலில் அவருக்குக் கட்டமே கிடையாது.
வெற்றிலைக்கு என்று ரெண்டணா நீட்டினால்
"இருக்கட்டும் ரைட்டரே" என்பார்,
வாங்கிக்கொள்வார்.

ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பு.
ஊர்க்காவலன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.
ஆஸ்பத்திரிக்குத் தனிப் படி, பதினைந்து ரூபாய்.
ஆகவே அந்த மாதம்
தீத்து இரண்டு தடவை கிறிஸ்தவன்.
கூட்டல் சரியாக வந்தது.

கடைசி ராத்திரி துரைக்கு ஆள் விட்டோம்.
பகோடா மேட்டிலிருந்து சாலையே
ஆறாக இறங்கிக்கொண்டிருந்தது.
துரை வரவில்லை.
உபதேசியார் வந்தார்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

திருநீறு கேட்டானாம் ஊர்க்காவலன்.
வார்டர் சொன்னது இது.
உபதேசியார் புத்தகத்தைத் திறந்தாராம், மூடினாராம்.
எழுந்துபோய்
கஞ்சி காய்ச்சும் அடுப்பிலிருந்து
ஒரு கை சாம்பல் அள்ளி வந்தாராம்.
சூடு. ஊதி ஊதி ஆற்றினாராம்.
இழுத்தது ஒரு விரலா மூன்று விரலா என்று
வார்டருக்குச் சொல்லத் தெரியவில்லை,
அவன் பர்மியன்.

காலையில் உபதேசியாரைக் கேட்டேன்.
"மழையில அடுப்பே எரியலியே ரைட்டரே" என்றார்.
அவர் நகக்கண் வெளுத்திருந்தது.

செப்டம்பர் பில்லில் எழுதினேன்:
மரணப்படுக்கை ஜெபம், ஒன்று.
வண்டிக்கூலி, ரூபாய் இரண்டு.
துரை கையெழுத்துப் போட்டார்.
தேதி போட மறந்தார், நான் போட்டேன்.

ரங்கூனிலிருந்து கேள்வி வந்தது.
தலை எப்படி இருபத்துநாலு ஆயிற்று என்றல்ல.
இரண்டு ரூபாய் கூடுதலாகத் தெரிகிறதே,
எத்தனை மைல்?

ஒன்றேகால் மைல் என்று பதில் எழுதி
மையொற்றும் தாளை அழுத்தினேன்.
அந்த பில்லில்
அது ஒன்றுதான் நிஜம்.