எத்தினி நம்பரு

நான் டைப் அடிப்பவள்.
மூன்றாவது மாடி, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒரு நாற்காலி.
ஐந்து துறைக்காரர்கள்
ஒரே ஆளைப் பற்றிச் சொல்வதை
ஒரே எழுத்துருவில் அடித்துத் தருகிறேன்.

ஆள்: பெலவேந்திரன், ஐம்பத்தெட்டு.
காசிமேடு. விசைப்படகு டிரைவர்.
தடைக்காலம் முடிந்த மூன்றாம் நாள்
நடுக்கடலில் வாய் கோணி
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே படுத்தபடி கரை சேர்ந்தவர்.

பெயர்கள் போய்விட்டன.
டம்ளரைக் காட்டினால் "அது… குடிக்கிற அது."
மனைவியைக் காட்டினால் "அது."
கெட்ட வார்த்தை மட்டும்
ஒரு மாத்திரை குறையாமல் வருகிறது.

இடது பக்கம், நடுத் தமனி, அடைப்பு
என்றார் நரம்பு மருத்துவர்.
குடிநீர் வாரியத்து ஆள் போலத்தான் பேசுவார்:
எந்தத் தெருவுக்கு வரவில்லை, எத்தனை மணி நேரமாய்.

ஸ்கேன் அறை அறவாழி புளியங்கொட்டை அளவு
ஒரு வெள்ளையைக் காட்டினான்.
பதினொரு வருஷத்தில் ஒரு மூளையையும் பார்த்ததில்லையாம்.
காந்தத்துக்குத் தண்ணீர் தலையாட்டுவதைப்
பார்க்கிறேன், அவ்வளவுதான் என்றான், டீ ஆறிக்கொண்டிருக்க.

வியாழன்தோறும் வரும் மொழியியல் அம்மாள்
பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் வேறு வேறு அலமாரி என்றார்.
வசவுக்கு வலப்பக்கம் தனிச் சாவி இருக்கலாமாம்.
அவர் எழுதித் தந்த உதாரணங்களை அடிக்கையில் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை,
மேற்கோள்குறி போடுங்கள் என்றார்.

மனநலப் பிரிவில் ஒரே கேள்வி: ராத்திரி அழுகிறாரா?

கணினிப் பையன் எதுவும் கேட்கவில்லை.

கூட்டத்தில் "நினைவு" என்று ஒரு சொல் வந்தது.
ஒருவருக்கு அது உப்பும் மின்சாரமும்.
ஒருவருக்கு, பதினைந்து சொல் சொன்னால் எத்தனை திரும்புகிறது என்பது.
பையனுக்கு, எவ்வளவு இருந்தாலும் இன்னும் வாங்கவேண்டியது.
முக்கால் மணி நேரம்
எல்லோரும் எல்லோரையும் ஆமோதித்தார்கள்.
நான் ஆறு இடத்தில் "நினைவு" என்று அடித்தேன்.

மதியம் மெஸ்ஸில் மூளை வறுவல்.
அதைப் பற்றி யாருக்கும் கருத்து இல்லை.
பையன் இரண்டு பிளேட்.

என்னைக் கேட்டால் (கேட்கவில்லை)
கொருக்குப்பேட்டை கேட் என்பேன்.
கூட்ஸ் வந்து நின்றுவிட்டால்
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி.
இரண்டும் இருக்கின்றன. ஒன்றும் அழியவில்லை.
சிலபேர் மட்டும் பைக்கைச் சாய்த்துக்
கம்பிக்கு அடியில் நுழைந்து போவார்கள்.
வசவு அப்படிப் போயிருக்கும்.

அதற்கடுத்த வியாழன்
அவரையும் செலஸ்தீனாவையும் உள்ளே கூப்பிட்டார்கள்.
எல்லோருக்கும் முந்திக்கொண்டு பையன் விளக்கினான்:
"உங்க தலைக்குள்ள ஒரு நரம்பு வலை இருக்கு.
அதுல ஒரு இடம் அறுந்திருக்கு."

பெலவேந்திரன் நிமிர்ந்தார்.
வலது கை மடியிலேயே கிடந்தது.
இடது கை எழுந்து
மேசைக் கண்ணாடிமேல் இல்லாத ஒரு கண்ணியை
இழுத்து இழுத்துப் பார்த்தது.
"எத்தினி நம்பரு?"

ஒருவருக்கும் புரியவில்லை.
செலஸ்தீனாதான் சொன்னாள்:
"நரம்புன்னா தங்கூஸ். கடையில நம்பர் சொல்லித்தான் வாங்கணும்.
நாப்பதா அம்பதான்னு கேக்குது."

பெயர்ச்சொல், என்று எழுந்தே விட்டார் மொழியியல் அம்மாள்.
பக்கத்துக் குழாய் திறந்திருக்கும் என்றார் மருத்துவர்.
இன்னொரு படம் எடுக்கணும், இது அறவாழி.
மனநலக்காரர் செலஸ்தீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு
தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.
கேட்டதற்குப் பதில் சொல்கிற நினைப்பில்
"எட்டாயிரத்து அறுநூறு கோடி" என்றான் பையன்.

பெலவேந்திரன் அவனையே பார்த்தார்.
பிறகு ஒரு வார்த்தை சொன்னார்,
சுத்தமாக.

எந்தத் துறையின் கீழ் அதை அடிப்பதென்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.
மேற்கோள்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்,
நடுவே இடம் விட்டு.
மணி ஐந்தரை.
கேட் போட்டிருப்பார்கள்.