மூன்றாம் பாட்டு

சால்மியா ஃபிளாட்டின் ஹாலில் பிளைவுட் தடுப்பு;
அந்தப் பக்கம் நைட் ஷிப்ட்காரர் உறங்குகிறார்.
அதனால் வெள்ளிக்கிழமைகளில்
கீழே பார்க்கிங்கில்
வண்டி ஓடாமல் ஏசி மட்டும் ஓட
நானும் டெல்ஃபினும் ராக் கேட்போம்.

எழுபத்து மூன்றில் வந்த ஆல்பம்.
வேலையை விட்டுப் போன லெபனான்காரன்
டிராயரில் மறந்த கேசட்.
ஒரு ஆகஸ்ட் முழுக்க டாஷ்போர்டில் வெந்ததில்
மூன்றாம் பாட்டில் கிதார்
குழைந்து இறங்கி
மறுபடி மூச்சுப் பிடித்து ஏறும்.
அங்கே கழுத்தைச் சாய்ப்பாள்,
எங்கும் போகாத காரில்
சீட் பெல்ட் போட்டபடி.

நேற்று அவள் போனில் அதே ஆல்பம், கீறலில்லாமல்.
ஆளுக்கொரு காதில் இயர்போன்.
அந்த இடம் வந்தது.
கிதார் நேராகப் போயிற்று.
எங்கள் கழுத்துகள் மட்டும் சாய்ந்தன.

"தப்பா வாசிக்கிறாங்கப்பா."

ஆமா என்றேன்.