பகோடா பாயிண்ட்டில் இடம் வலம்

பெயரில் பகோடா இருப்பதால்தான் வாங்கிப் போட்டேன்.
ஏரிக்கரைக் கடைகளில் எல்லாம் காஷ்மீர் உடுப்பு.
என்னிடமும் ஒன்று உண்டு, பிளாஸ்டிக் குடத்தோடு.
மற்றபடி கம்பியில் தொங்குவது
சிவப்பில் இரண்டு கிமோனோ, நீலத்தில் ஒன்று,
மஞ்சளில் ஒரு சீன ராஜா அங்கி.
துணி சூரத் பாலியஸ்டர்.
தையல் சேலம் கோட்டை கௌஸ் பாய்,
போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து.

கிமோனோ பாய்க்குப் பிடித்துப்போனது.
"வளைவே கிடையாதுங்க, பூராவும் நேர்வெட்டு.
தையலைப் பிரிச்சா திரும்பவும் துணிதான்.
ஆளுக்குத் தகுந்தாப்புல துணியை வெட்டாம
துணிக்குத் தகுந்தாப்புல ஆளை மடிக்கிறான்."
ராஜா அங்கியில்தான் கை நீண்டுவிட்டது,
டிராகனின் ஒரு காலுக்கு ஆறு நகம்.

ஐந்து நகம் பேரரசருக்கு, நாலு அவருக்குக் கீழே,
மீறி உடுத்தினால் தண்டனை என்று
படம் எடுக்க வந்த ஒரு காலேஜ் பையன் சொன்னான்.
என் கடையில் ஆறு நகம், நாற்பது ரூபாய்.
யார் வேண்டுமானாலும் ஆளலாம், பத்து நிமிடம்.

அந்த ஞாயிறு ஓமலூர்க் கல்யாண ஜோடி.
பெண்ணுக்குச் சிவப்புக் கிமோனோ கட்டிவிட்டேன்,
சோத்தாங்கைப் பக்கம் மேலே வருகிற மாதிரி.
புதுப்பெண் அல்லவா,
வலது காலை எடுத்து வைக்கிற ஊர் அல்லவா.

பனிக்குள்ளிருந்து ஒரு அம்மா வந்தாள்.
இரும்பாலையில் மிஷின் சரிபார்க்க வந்த ஜப்பான்காரி,
சட்டைப்பையில் கம்பெனி பேட்ஜ், காலில் சேப்டி ஷூ.
நேராகப் பெண்ணிடம் போய்த் தலை குனிந்தாள்.
பட்டையை அவிழ்த்தாள்.
பீச்சாங்கைப் பக்கத்தைத் தூக்கி மேலே போட்டு
மறுபடி இறுக்கினாள்.
ஒரு வார்த்தை இல்லை.

டிரைவர் தீர்த்தகிரி ஓடி வந்தான்,
மூன்று மாசம் ஓட்டியதில் முப்பது வார்த்தை சேர்த்தவன்.
"ஒண்ணுமில்லைங்க.
நீங்க கட்டினது பொணத்துக்குக் கட்டுறதாம்.
ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தியே
அரண்மனையில சட்டம் போட்டுட்டாங்களாம்,
சீனாக்காரன் கட்டுற மாதிரிதான் எல்லாரும் கட்டணும்னு."

மாமியார் கையில் மிளகாய் பஜ்ஜி
பாதி வழியில் நின்றது.
எனக்கு உள்ளே கணக்கு ஓடியது.
மூன்று கோடை விழா,
எத்தனை ஜோடி, எத்தனை பிள்ளைகள்,
எல்லாரையும் பிணமாய் உடுத்தி
இதே விளிம்பில் நிறுத்திச் சிரிக்கச் சொன்னேன்.
அப்படியே சிரித்துவிட்டு
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
அவரவர் வீட்டு ஹாலில் மாட்டியிருப்பார்கள்.

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.
இடப்பக்கம் மேலே, பட்டன் வரிசையாய்.
நான் உயிரோடுதான் இருந்தேன்.

பெண்ணோ அதற்குள் செல்ஃபி எடுக்கிறாள்.
போன் திரையில் இடம் வலம் மாறுகிறது,
திருத்தியது திரும்பவும் பிணக்கட்டு.
பார்த்தேன், சொல்லவில்லை.
மாமியாரும் பார்த்தாள்,
பஜ்ஜியை மெதுவாகக் கடித்தாள்.

ஜப்பான் அம்மா போகவில்லை.
கம்பியில் ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டே வந்தாள்.
டிராகனிடம் நின்று நகங்களை எண்ணினாள்,
உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள்.
கடைசியில் இருந்ததை எடுத்து நீட்டினாள்,
காஷ்மீர் உடுப்பு.

கட்டிவிட்டேன்.
தலைத்துணியை எந்தத் தோளில் விடுவது என்று
இத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல்முறை
கை தயங்கியது.
அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு
பனிக்கு முதுகு காட்டி நின்றாள்,
ரொம்ப நேராக.

ஸ்ரீநகரிலிருந்து யாரும் வந்துவிடக் கூடாது என்று
வேண்டிக்கொண்டு
பட்டனை அழுத்தினேன்.