ஆற்றில் ஆறு

நாக்னெக்கில் ஜூலையில் இருட்டுவதில்லை.
பதினாறு மணி நேர ஷிஃப்ட் முடிந்த பிறகும்
வெயில் ஜன்னலில் நிற்கிறது, கடன்காரன் மாதிரி.
ஃபலேயோலோ ஒரு போர்வையை ஆணியில் மாட்டி
இரவு தயாரிக்கிறான்.

தகர மூடிகள்தாம் காசு. மூடிக்கு ஒரு டாலர்.
சால்மன் டப்பாவுக்கென்று வந்து
விளிம்பு நெளிந்ததால் தப்பித்தவை.
"உட்கார், நெத்யால்கா."
டப்பா லேபிள் ஒன்றின் பின்புறம்
சொற்களை எழுதிக்கொள்கிறேன்.

பிளைண்ட்:
சீட்டைப் பார்க்கும் முன்பே போட வேண்டிய பணம்.
இதை எனக்கு விளக்க வேண்டியதில்லை.
ப்ளோவ்திவில் கடன் வாங்கி
அலாஸ்காவுக்கு டிக்கெட் எடுத்தவள் நான்.

செக் என்றார்கள். நிமிர்ந்தேன்.
சம்பளம் ஆகஸ்டில்தானே?
சிரித்து ஓய்ந்து சொன்னார்கள்:
காசும் வைக்காதே, சீட்டும் போடாதே,
விரல் முட்டியால் மேசையில் இரண்டு தட்டு.
இப்போதைக்கு எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.
இதற்கு இவ்வளவு சின்னச் சொல்
என் அம்மாவின் மொழியில் இல்லை.
அம்மாவுக்கு அந்தப் பழக்கமும் இல்லை.

ஃபோல்ட். துணி மடிப்பது போல என்று நினைத்தேன்.
மடித்த துணியை மறுநாள் உடுத்தலாம்.

டில்ட்டை யாரும் விளக்கவில்லை.
வென்செஸ்லாவோ, லைனில் எங்கள் மேஸ்திரி,
ஒரு ஜோடி பத்தில் தோற்றார்.
அடுத்த மூன்று கையும்
சீட்டைப் பார்க்காமலே ஏற்றினார், ஏற்றினார்.
இலோய்லோவில் மகளின் பள்ளிக் கட்டணம்
மூடி மூடியாக மேசையைக் கடந்தது.
எழுதிக்கொண்டேன். எழுத்து சாய்ந்துதான் வந்தது.

மீன்:
புதிதாக வந்து தோற்கிற ஆள்.
"அது நீதான்," என்றான் யூசேபியோ, அன்பாகவே.
பகல் முழுக்க மீன் அறுக்கிறேன்.
தலைமுடியில் செதில், தூக்கத்தில் குடல்.
கத்திக்கு மறுபக்கம் எப்படி இருக்கும் என்று
இதுவரை யோசித்ததில்லை.

ஐந்தாவது சீட்டின் பெயர் ஆறு.
ரிவர் என்கிறார்கள். அதற்குப் பிறகு சீட்டு கிடையாது.
போர்வைக்கு வெளியே நிஜ ஆறு,
சேற்று நிறத்தில்,
நம் வலைக்குத் தப்பியவை அதில் ஏறிக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை. பெரிய பிளைண்ட் என்னுடையது.
கையில் இரண்டும் ஏழும், வேறு வேறு நிறம்.
இதைவிட மோசமான கை இல்லையாம்.
கால், கால் என்று சொல்லியே
கால் வைத்துவிட்டேன்; எடுக்கத் தோன்றவில்லை.
மேசையில் ஆட்டின் ராணி, கிளாவர் நான்கு, ஸ்பேடு ஜாக்கி,
பிறகு டைமன் ஒன்பது.
ஆற்றில் வந்து விழுந்தது ஓர் ஆறு.
யாருக்கும் உதவாத ஆறு.

யூசேபியோ நாற்பது மூடிகளைத் தள்ளினான்.
என் முறை.
நான் லேபிளைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன்,
"ஆல்-இன் என்றால் என்ன?" என்று கேட்டேன்.

ஐஸ் இயந்திரம் மட்டும் கேட்டது.
"கேள்வியா, பந்தயமா?" என்றான்.
வென்செஸ்லாவோ கையை உயர்த்தினார்:
"சொல் விழுந்தால் காசு விழுந்த மாதிரி.
இந்த மேசையில் வாயும் கைதான்."
என்னிடம் தொண்ணூற்றிரண்டு மூடிகள் இருந்தன.
அது அவனுக்கும் தெரியும்.

நெடுநேரம் என் முகத்தைப் படித்தான்.
என் முகத்தில் எல்லாச் சொல்லும்
எழுத்துப் பிழையோடு இருந்திருக்க வேண்டும்.
பிறகு இரண்டு ராஜாக்களையும்
முகம் மேலாகக் கிடத்தி, எழுந்து போனான்.
என் சீட்டு கவிழ்ந்தே கட்டுக்குப் போனது.

மறுநாள் லைனில் எனக்கு எதிரே அவன்.
எங்களுக்கு நடுவே ஓயாமல் மீன்.
நாலாவது மணியில் கேட்டான்:
"நிஜமாகவே தெரியாதா உனக்கு?"

ஏப்ரன் பையில் அந்த லேபிள் நனைந்துகொண்டிருந்தது.
கடைசி வரி,
செவ்வாய்க்கிழமை எழுதியது,
மை இன்னும் கலையவில்லை.

கையுறைக்குள் விரலை மடக்கி
எஃகு மேசையில்
இரண்டு முறை தட்டினேன்.