நூற்றுத் தொண்ணூற்றிரண்டு

உள்ளே போகிற நாளில்
தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது.
சோஹாருக்கு வந்த ஆறு வருடத்தில்
என் கூந்தல் வைக்கோலாகிவிட்டது.
பருத்திச் சட்டை, வெறும் கை, வெறும் காது.
இரும்புக் கதவு சாத்தியதும்
அறை சூடாகிறது.
மூக்கைப் பிடித்து ஊதிக்
காதைத் திறந்துகொள்கிறோம்
நானும் மொதாலெப்பும்.

டேங்கர் கழுவுகிறவர். சில்ஹெட் பக்கம்.
எனக்கு வங்காளம் வராது, அவருக்குத் தமிழ்.
சுகர் என்றால் மட்டும் இருவருக்கும் புரியும்.
வலக்காலில் பெருவிரல் இருந்த இடத்தில்
ஆறாத குழி.

நெஞ்சில் ஒரு வில்லை,
குழிக்கு அருகில் ஒரு வில்லை.
நாற்பத்து நான்கு டிகிரிச் சூட்டில்
தோலுக்கடியில் கிடக்கும் ரத்தத்தை
எட்டிப் பார்க்கச் சொல்லும்.
விரலில் மாட்டும் கிளிப்
எப்போதும் தொண்ணூற்றொன்பது என்கிறது.
அது ரத்தத்தின் பேச்சு.
வந்து சேர்ந்ததா என்று
சதையைத்தான் கேட்க வேண்டும்.

வெளிக்காற்றில் பதினான்கு.
முகமூடியில் முப்பத்தொன்று.
இங்கே, பதினான்கு மீட்டர்க் கடலின் அழுத்தத்தில்
இருநூறு தாண்ட வேண்டும்.
தாண்டினால் இன்ஷூரன்ஸ் முப்பது அமர்வு தரும்.
இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே அறுவை,
அப்புறம் கம்பெனி டிக்கெட்.

நூற்று நாற்பது.
நூற்று ஐம்பத்தாறு.
சட்டென்று முந்நூற்று எழுபது.

கண்ணாடிக்கு வெளியே ரெஜி
கட்டைவிரல் காட்டுகிறான்.
மொதாலெப்பும் பார்த்துவிட்டார்.
ஹூடுக்குள் அவர் சிரிப்பு பனி பிடிக்கிறது.

முந்நூற்று எழுபது எனக்குத் தெரிந்த எண்.
இந்த அறையின் காற்றுக்கு ஏறக்குறைய அதுதான்.
வளையத்தின் ஓரம் மயிரிழை தூக்கியிருக்கிறது.
கருவி இப்போது பார்ப்பது காலை அல்ல,
நான் இழுக்கிற இதே மூச்சை.

விட்டுவிடலாம்.
பொய் சொல்வது கருவி, நானில்லை.
படிவத்தைப் பார்க்கப்போகிறவன்
மஸ்கட்டில் எங்கோ ஏசியில் இருக்கிறான்.
நான்கு நொடி. ஐந்து. கை நகரவில்லை.
ஆனால் அந்த எண்ணை நம்பி
ஒரு மாதம் காத்திருக்கப்போவது
இந்தக் கால்.

பிய்த்தேன். துடைத்தேன். புது வளையம்,
இரண்டு சொட்டுத் திரவம்,
திரும்பச் சூடேறப் பதினைந்து நிமிடம்.
அந்த நல்ல செய்தி உங்களுடையது இல்லை என்று
சைகையில் எப்படிச் சொல்வது?
கையை மட்டும் ஆட்டினேன்.
ஹூடு தெளிந்துவிட்டது.

நூற்று எழுபது. நூற்று எண்பத்தொன்பது.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
ஸ்பீக்கரில் ரெஜி,
"டைம் கழிஞ்ஞு, சேச்சி."

படிவத்தில் கட்டம் சின்னது.
எண்ணை எழுதினேன்.
கோட்டைத் தாண்டி ஓரத்தில், பேனாவை அழுத்தி,
நிறுத்தியபோது ஏறிக்கொண்டிருந்தது
என்றும் எழுதினேன்.

வில்லை எடுத்த இடத்தில்
ஐம்பது பைசா அகலத்துக்கு
ஒரு சிவப்பு வட்டம்.
மொதாலெப் குனிந்து
அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.
வண்டி வரும்வரை
செருப்புப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.