பெட்டகக் கணக்கு

கஸ்தூரியார் வீதி, அடகுப் பிரிவு, இரண்டாம் கவுண்டர்.
இன்றைக்கு நாற்பத்தொரு ரசீது கிழித்தேன்.
"நல்ல ஓட்டம் என்ன?" என்றார் மனேச்சர்.
ஓட்டம்தான்.
பதினெட்டுப் பேர் வைத்தார்கள்.
பதினெட்டுப் பேர் மீட்டார்கள்.
ஐந்து பேர் வட்டியை மட்டும் கட்டித்
திகதியைத் தள்ளிவிட்டுப் போனார்கள்.
காலையில் பெட்டகத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு உறை,
பூட்டும்போதும் அறுநூற்றுப் பன்னிரண்டு.

நாற்பத்தொன்று வாசலில் கேட்ட சத்தம்.
உள்ளே கிடப்பது வேறு.

இரவு ஏழு மணிக்கு நியூயோர்க் திறக்கும்.
கோண்டாவிலில் நான் சட்டி கழுவிக் கை துடைத்து
கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைப்பேன்.
கணக்கு ஸ்காபரோவிலுள்ள தம்பி துவாரகன் பெயரில்.
விரல் என்னுடையது.

"ஓப்பன் இன்ரறஸ்ற் எண்டால் வட்டியில்லை அக்கா."
"அப்ப?"
"இன்னும் மூடாத கணக்கு.
வொல்யூம் ஒரு நாளோட சரி. இது அப்பிடியில்லை,
தீருமட்டும் கிடக்கும்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
பதினொரு வருஷமாக அதற்குத்தானே
நான் திறப்பு வைத்திருக்கிறேன்.

திங்கள் இரவு விற்றேன்.
கப்பலுக்குப் பூச்சுச் செய்கிற ஏதோ சின்னக் கம்பனி.
எவ்வளவு விழுந்தாலும்
வெள்ளிவரை முப்பத்தைந்து டொலருக்கே
நூறு பங்கு வாங்குவேன் என்றொரு வாக்கு.
கையில் வந்தது நாற்பது டொலர்.
சனமில்லாத சந்தியில் கடை போடாதே என்று
துவாரகன் சொல்லியிருந்தான்.
ஆனால் விலை கூடத் தந்தார்கள்.
ஏன் கூடத் தருகிறார்கள் என்று
கவுண்டருக்கு வருகிறவளை நான் கேட்டிருப்பேன்.
என்னை நான் கேட்கவில்லை.

செவ்வாய் பின்னேரம், பலாலி வீதி மினிபஸ்,
கம்பியில் ஒரு கை.
திறந்திருப்பது: ஒன்று.

அந்த ஒன்று நான்.

இல்லை, பாதிதான் நான்.
ஓர் உறைக்கு இரண்டு பேர் வேண்டும்,
வைத்தவரும் வைத்திருப்பவரும்.
மற்றவர் எந்த ஊர், என்ன சாப்பிட்டார்,
எதற்காக அந்தக் கம்பனி விழவேண்டுமென்று
காத்திருக்கிறார்?

புதன் இரவு: வர்த்தகம் ஒன்று.
வியாழன் பின்னேரம் பார்த்தேன்:
திறந்திருப்பது அதே ஒன்று.
நான் அசையவேயில்லை.
அப்படியென்றால் மறுபக்கத்தில் ஆள் மாறிவிட்டது.
என் வாக்கு, என்னைக் கேளாமல்,
வேறொருவர் சட்டைப்பையில்.

அன்றிரவு விலை முப்பத்தைந்து எண்பதுக்கு வந்தது.
திருப்பி வாங்கி முடித்துவிடுவோம் என்று பார்த்தால்
கொடுப்பவர் கேட்பது ஒன்று நாற்பது,
எடுப்பவர் தருவது பத்துச் சதம்,
நடுவில் பண்ணைக் கடல்.
அறுபது சதம் என்று கூப்பிட்டேன். எழுபது.
எண்பத்தைந்து.
மீன் முடிந்த பிறகு ஏலம் கூறுகிறவள் மாதிரி.
அடுத்த மாதத்து முப்பதில்
நாலாயிரம் திறந்து கிடக்கிறது.
அங்கே திருநெல்வேலிச் சந்தையைப் போல
இடித்துக்கொண்டு போகலாம், இடித்துக்கொண்டு வரலாம்,
யாரும் முகம் பார்க்கமாட்டார்கள்.

வெள்ளி காலை பாசையூர் ஜெசிந்தா வந்தா.
ஒரு சோடித் தோடு, ஒன்பதாவது முறையாக வட்டி மட்டும்.
வழமையாக நான் கேட்பதில்லை. அன்று கேட்டேன்:
"மீட்கேல்லையோ?"
"வீட்டை கொண்டுபோனா வித்துப்போடுவன் பிள்ளை.
இஞ்ச கிடந்தா கிடக்கும்."
முத்திரை குத்தினேன்.
ஓட்டத்தில் ஒன்று கூடியது.
பெட்டகத்தில் ஒன்றும் இல்லை.

சனி விடியப்புறம் ஒன்றரைக்கு மணி அடித்தது:
முப்பத்தைந்து டொலர், நாலு சதம்.
ஒருவரும் கதவைத் தட்டவில்லை.
நாற்பது டொலர் எனக்கே.

திங்கள் பின்னேரம் மினிபஸ்ஸில் தேடினேன்.
அந்த வரியையே எடுத்துவிட்டார்கள்.
பூச்சியம்கூட இல்லை.