கூட்டக் குறிப்பில் ஒரு வெட்டு

வரணிப் பக்கத்துச் சனசமூக நிலையம்.
கதிரைகள் இருபத்துமூன்று, வந்தவர்கள் முப்பத்தொருவர்.
வரைபடம் காற்றில் எழும்ப
நாலு மூலைக்கும் தேத்தண்ணிக் கோப்பை வைத்தோம்.

குளம், தரவை, ஆவுரஞ்சிக்கல்,
சங்கக்கடை வரை வளையும் மணல் ஒழுங்கை:
மதில் எழுப்புவதில்லை. மண் அள்ளி விற்பதில்லை.
பிரதேச சபை கல் தரும்.
ஸ்காபரோவிலிருந்து குகதாசன் காசு தருவார்;
கைபேசிக்குள் அவருக்கு விடிகாலை,
போர்வையோடு தலையாட்டினார்.
ஆவணி வெயிலுக்குள் தூர்வாரி முடிப்பது.

கிழக்குப் படித்துறையைப்
பழையபடியே கட்டுவது
என்று நான் எழுதிக்கொண்டிருக்க
ரஞ்சிதமலர் எழும்பினா.
தரவையில் ஆடு மேய்ப்பவ,
எந்தப் பள்ளத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்குமென்று
வரைபடத்தைத் திருத்தியதே அவதான்.

"பழையபடி எண்டால் எந்தப் பழசு?
என்ர ஐயா அந்தப் படியில கால் வைச்சதில்லை.
மாடு இறங்கிற பக்கத்தாலதான்
நாங்கள் தண்ணி அள்ளினது."

மின்விசிறி மட்டும் கதைத்தது.
தர்மகர்த்தா கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்ததைத் திரும்பவும் துடைத்தார்.
ஸ்காபரோ அசையாமல் நின்றது,
இணைப்பா மனிசரா தெரியவில்லை.

'பழையபடியே'யை வெட்டினேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று
ஒருவரும் சொல்லவில்லை.

ஞாயிறு விடிய
மண்வெட்டியோடு போனால்
எங்களுக்கு முன்னமே அவ நிற்கிறா
கிழக்குப் படியில், மேலிருந்து மூன்றாவதில்.
சேறு நிரம்பிய கடகத்தை மேலே நீட்ட
தர்மகர்த்தாவின் மகன்
கொஞ்சம் பிந்தித்தான்,
ஆனாலும் குனிந்து வாங்கினான்.

குறிப்பேட்டில் வெட்டு வெட்டாகவே கிடக்கிறது.
பக்கத்தில் சேற்று விரல் ஒன்று,
ஆருடையதோ.